பழைய மோட்டார் லாரியின் கேபினைக் கண்டு ஆண்டறிதல்

புதுக்கோட்டையினின்றும் காரைக்குடிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருமயம். 1687-ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டையும், ஒரே குன்றின் அடியில் அடுத்தடுத்துக் குடைந்தெடுக்கப்பட்ட சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அவ்வூரின் பெருமைகள். நம் கல்லூரிச் சரித்திர மாணவர் பதினால்வரும் ஆசிரியர் இருவருமாக நாம் அங்குச் சென்றது அவற்றைக் காணும்பொருட்டே. எனினும் அன்று நாம் கற்ற பாடம் குன்றில் கிடைத்ததன்று. ஒரு கீற்றுக் கொட்டகையின்கீழ் நின்ற பழைய லாரி ஒன்றனிடத்துக் கிடைத்தது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கோட்டையைச் சுற்றிவந்த களைப்பினால், உச்சிவேளையில் சாலையோரத்து அரிசி ஆலை ஒன்றன் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். ஆலைக்குப் பின்புறத்தில் ஒரு ஷெவர்லே பிக்கப் லாரி நின்றது. சக்கரங்களில் காற்றில்லை, அச்சுகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது, எஞ்சின் என்றோ கழற்றப்பட்டுக் கிணற்றில் நீரிறைக்கப் போய்விட்டதாம். பின்னாலிருந்த மரத்தொட்டியைக் கறையான் தின்றுவிட்டது. கேபின் மட்டும் ஓரளவு பழுதின்றி இருந்தது. ஆலைக்குரிய முதியவர் எங்களுக்கு நீர்மோர் கொடுத்து உபசரித்து, “வாத்தியார் ஐயா, நீங்கள் கல்லைப் பார்த்துக் காலம் சொல்லுகிறவர்களாமே, இந்தத் தகரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். விளையாட்டாகச் சொன்னது போலிருந்ததே யொழிய, அவருக்கு அது விளையாட்டன்று என்பது சற்று நேரத்தில் விளங்கிற்று.

அவ்வண்டியை அவர் தந்தையார் ‘சமஸ்தானம் சேர்ந்த வருஷத்தில்’ வாங்கினாராம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அவர் போற்றி வைத்திருந்த பழுப்பேறிய ஆர்.ஸி. புத்தகத்திலும் 1948 என்றே கண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்னர்ப் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வந்து, கதவுகளை மட்டும் பார்த்துவிட்டு, “இது 1951-ஆம் வருஷத்து வண்டி, புத்தகம் வேறொரு வண்டியுடையது, காயலான் கடை விலைதான் கொடுக்கலாம்” என்று சொல்லிப் போயினாராம். “விலை போனால் போகிறது ஐயா. எங்கள் ஐயா கள்ளப் புத்தகம் வைத்து வண்டி ஓட்டினார் என்று சொல்லிவிட்டுப் போனானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை” என்றார் பெரியவர். ‘ஐயா’ என்று அவர் குறித்தது தம் தந்தையாரை.

தரகர் சொன்னது மெய்யோ பொய்யோ என்று தீர்ப்பதற்கு, இத்தகைய கேபின்கள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு மாறின என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மோட்டார் வண்டிகளில் நெடுநாளாகவே ஈடுபாடுடைய ஆசிரியர் ஒருவர் நம்முடன் இருந்தது நல்லூழ்.

கேபின் என்பது ஓட்டுநர் அமரும் கூடு. பழைய லாரி யொன்றைக் கண்டவுடன், ‘இக்கூடு தொழிற்சாலையில் பிறந்ததோ, நம்மூரில் பிறந்ததோ?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். நம் நாட்டில் முன்னாளில் கம்பெனியார் பெரும்பாலும் சேஸிஸையும் எஞ்சினையும் பானட்டையும் முன்தட்டியையும் மாத்திரமே விற்றுவந்தனர். கேபினையும் தொட்டியையும் வாங்கினவரே பட்டறையில் கட்டுவித்துக் கொண்டனர். கரூரும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் இத்தொழிலால் பேர்பெற்றன அல்லவா? அவ்வாறு தேக்கும் தகரமும் கொண்டு கட்டிய கூட்டினைப் பார்த்து அமெரிக்கக் கம்பெனியின் ஆண்டைக் கணிக்கப் புகுவது வீண் வேலை. அது தச்சருடைய ஊரையும் கைவழக்கத்தையும் காட்டுமேயன்றி வண்டியின் ஆண்டைக் காட்டாது. கூரையும் பின்சுவரும் கதவுத்தூணும் ஒரே அச்சில் அழுத்தி வார்த்தாற்போல் வளைந்த எஃகுத் தகட்டினால் ஆகியிருப்பின், அது தொழிற்சாலைக் கூடு. திருமயத்தில் நாம் கண்டது அவ்வகையே.

நம் பக்கத்துச் சாலைகளில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது நெடுங்காலத்துக்கு முன்பு. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே 1912-ஆம் ஆண்டிலேயே டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-ஆம் ஆண்டு பம்பாயில் சிவ்ரி என்னுமிடத்தில் ஒரு தொழிற்சாலை திறந்து, கப்பலில் உறுப்புறுப்பாக வந்த ஷெவர்லே வண்டிகளை அங்குப் பூட்டி விற்கலாயினர். இந்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய முன்வராத கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று 1953-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் முடிவு செய்தமையால், அத்தொழிற்சாலை 1954-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆகவே 1954-க்குப் பிற்பட்ட அமைப்புடைய ஷெவர்லே கேபின் ஒன்று நம்மூரில் தென்படின், அது எவ்வழியாக வந்தது என்று கேட்டுத் தெளிவது நன்று.

ஆண்டு என்னும் சொல்லிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. அமெரிக்கக் கம்பெனியார் ‘1951-ஆம் ஆண்டு மாதிரி’ என்று சொல்வது பெரும்பாலும் முந்தின ஆண்டின் பிற்பகுதியிலேயே விற்பனைக்கு வந்துவிடும். அது கப்பலேறிப் பம்பாய் சேர்ந்து, பூட்டப்பெற்று, வியாபாரியின் கிடங்கில் கிடந்து, வாங்குவார் கைக்கு வந்து பதிவாவதற்கு மாதங்கள் பல செல்லும். ஓராண்டு கழிந்தாலும் வியப்பில்லை. ஆதலின் 1948-ஆம் ஆண்டு மாதிரி 1949-இல் பதிவாகியிருக்கலாம். ஆனால் 1951-ஆம் ஆண்டில் முதன்முதல் தோன்றிய ஓர் உறுப்பு 1948-இல் பதிவான வண்டியோடு பிறந்திருத்தல் இயலாது. புதிய உறுப்பு ஒன்று ‘இதற்கு முன்னதன்று’ என்று கீழெல்லையைக் காட்டும். கைவிடப்பட்ட பழைய உறுப்பு ஒன்று ‘இதற்குப் பின்னதன்று’ என்று மேலெல்லையைக் காட்டும். இவ்விரண்டு எல்லைகளையும் நெருக்கிக் கொண்டு வருவதே ஆண்டறியும் வித்தை.

இனி ஷெவர்லேயைப் பற்றிக் கூறுவாம். 1941 முதல் போர்க்காலத்தையும் கடந்து 1947-இன் முற்பகுதி வரை வந்த லாரிகளில், முகப்புக் கிரில்லின் மேற்பகுதியில் குறுக்குக் கம்பிகளும் கீழ்ப்பகுதியில் நெடுக்குக் கம்பிகளும் இருக்கும். 1947-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் முற்றிலும் புதியதோர் அமைப்பு வெளிவந்தது. அகன்று உருண்ட கூடு. மட்கார்டிலேயே அடங்கிய முகவிளக்குகள். முகப்பில் ஐந்து குறுக்குப் பட்டைகள். ‘முன்னேறிய அமைப்பு’ எனக் கம்பெனியார் இதற்குப் பெயரிட்டனர். 1955-இன் தொடக்கம் வரை இவ்வமைப்பே நிலைத்தது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு எட்டாண்டு வண்டிகளும் ஒரே வண்டிபோல் தோன்றும். இங்குத்தான் சிறு வேறுபாடுகளைத் தேடிப் பழகவேண்டும்.

முதல் அடையாளம் பெட்ரோல் டாங்கி. 1947, 1948 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டாங்கி பின்தொட்டியின் அடியில் சேஸிஸோடு பிணைக்கப்பட்டிருந்தது. பெட்ரோல் ஊற்றும் வாய் தொட்டியின் பக்கத்தில் வந்தது. 1949-ஆம் ஆண்டு மாதிரியில் டாங்கியைக் கேபினுக்குள்ளேயே இருக்கைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தனர். அதனால் அதன் வாய் கதவின் கைப்பிடிக்குப் பின்னே கேபினின் பக்கச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிவரலாயிற்று. இது மிகச் சிறந்த அடையாளம். ஏனெனில் கதவைப்போல் கழற்றி மாட்டக்கூடியதன்று, கூட்டின் உடம்பிலேயே அமைந்தது. அமெரிக்கர் எழுதிய விவரங்களில் இவ்வாய் பிரயாணி அமரும் பக்கத்தில் என்று காண்கிறது. அவர்களுடையது இடப்பக்கத்து ஓட்டு, நம்முடையது வலப்பக்கத்து ஓட்டு. ஆதலின் எந்தப் பக்கம் என்பதைப் பொருட்படுத்தாமல், துளை உண்டா இல்லையா என்பதை மாத்திரம் நோக்குக.

பானட்டின் பக்கங்களில் பொறித்த பெயரும் பயன்படும். முதலிரண்டு ஆண்டுகளில் ஷெவர்லே என்னும் பெயரின்கீழ்ச் சிறு வண்டிகளில் ‘திரிஃப்ட்மாஸ்டர்’ என்றும் பெரிய வண்டிகளில் ‘லோட்மாஸ்டர்’ என்றும் இருந்தது. 1949 முதல் அச்சொற்கள் நீங்கி, 3100, 3600, 3800 என்று வண்டி தாங்கும் பாரத்தின் வகையைக் குறிக்கும் எண்கள் வந்தன. 1952-இன் நடுவில் அவ்வெண்களையும் விட்டனர். 1953-இல் பெரிய எழுத்தில் எண் மட்டும் திரும்ப வந்தது. பெயர்த்தகடு விழுந்துபோயினும் அதனைப் பொருத்திய துளைகள் பானட்டின் உட்புறத்தில் தெரியும். எத்துணைப் பட்டி பூசினாலும் உட்புறத்தை யாரும் மினுக்குவதில்லை.

கதவுக்கு வருவோம். 1950 வரையில் கதவில் ஒரே கண்ணாடிதான். 1951-இல் அதன் முன்மூலையில் வெளிக்காற்றைத் திருப்பி உள்ளே விடும் முக்கோணச் சிறு கண்ணாடி சேர்ந்தது. வெளிக்கைப்பிடி 1951 முடியக் கீழ்நோக்கித் திருகுவதாயிருந்து, 1952-இல் பொத்தானை அழுத்தித் திறப்பதாயிற்று. ஆகவே முக்கோணக் கண்ணாடியும் திருகுபிடியும் ஒருங்கே உள்ள கதவு 1951 என்னும் ஓராண்டுக்கே உரியது. தரகர் நம்பியது இதனையே. கதவைப் பொறுத்தவரையில் அவர் சொன்னது சரியே என்பதை நாம் மறுக்கவில்லை.

உள்ளே நோக்கினால், வேகமானி 1951 வரை மணிக்கு 80 மைல் காட்டும். 1952-இல் 90 மைல் காட்டும். அவ்வாண்டிலேயே டேஷ்போர்டின் பளபளக்கும் பட்டைகள் வெறும் சாயம் பூசியவையாயின. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரினால் அமெரிக்காவில் குரோமியமும் நிக்கலும் அருகிக் கட்டுப்பாட்டுக்குள் வந்தமையே அதற்குக் காரணம். எங்கோ கீழ்க்கோடியில் மூண்ட போரின் சுவடு திருமயத்து அரிசி மூட்டை சுமந்த ஒரு லாரியின் உட்புறத்திலும் காணக்கூடும் என்பதை எண்ணி மாணவர் சிலர் வியந்தனர்.

1954-இல் வந்த மாற்றம் குருடரும் தடவியறியத் தக்கது. அதுவரையில் முன்கண்ணாடி நடுவே ஒரு நெடுங்கம்பியால் பிரிக்கப்பட்ட இரு துண்டுகளாயிருந்தது. 1954-இல் வளைந்த ஒரே கண்ணாடியாயிற்று. முகப்பின் ஐந்து பட்டைகள் போய்ப் பருமனான சிலுவைக் குறுக்குச் சட்டம் வந்தது. பின்விளக்கு நீள்சதுரத்தினின்றும் வட்டமாயிற்று. 1955 மார்ச்சில் இக்குடும்பமே முடிந்து, பக்கங்களிலும் சுற்றி வளைந்த கண்ணாடியுடைய வேறொரு குடும்பம் பிறந்தது. கேபினின் பின்மூலைகளில் வளைந்த சிறு கண்ணாடிகள் சில வண்டிகளில் உண்டு. அவை ஆண்டைக் காட்டா. முதலில் வாங்கினவர் கூடக் கொடுத்த பணத்தையே காட்டும்.

ஒரு கம்பெனியின் அளவுகோலைக் கொண்டு மற்றொன்றை அளத்தல் கூடாது. ஷெவர்லேயில் ஒற்றை முன்கண்ணாடி 1954-இன் குறி என்று கற்ற மாணவர் ஒருவர், எல்லா லாரிகளுக்கும் அதுவே விதி என்று குறித்துக்கொண்டார். ஃபோர்டு கம்பெனியாரோ 1948-ஆம் ஆண்டு மாதிரியிலேயே ஒரே தட்டையான கண்ணாடியை வைத்துவிட்டனர். அவர்களுடைய பெருமாற்றம் வந்தது 1953-இல்.

போர்க்காலத்து லாரிகளைப் பற்றியும் இங்கே சில சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரில் கானடா நாட்டு ஃபோர்டு, ஷெவர்லே தொழிற்சாலைகள் பிரிட்டிஷ் படைகளுக்காக ஒரே மாதிரியில் இலட்சக்கணக்கான லாரிகளைச் செய்தன. கப்பலில் இடத்தை அடைக்காமலிருக்க அவற்றின் மூக்கைக் குறுக்கிவிட்டமையால் அவை சப்பை மூஞ்சியாய் இருக்கும். இந்தியாவிலும் பர்மாவிலும் படைகளோடு அவை ஏராளமாக ஓடின. அவற்றின் கேபின்களுக்கு 11, 12, 13 என்று எண் கொடுக்கப்பட்டிருப்பது ஆராய்வார்க்குப் பெரிய உதவி. பதினோராம் கேபினில் பானட் இரு துண்டு. பன்னிரண்டாவதில் முதலை வாய் திறப்பது போல் மேலெழும்பும் ஒரே துண்டு. 1941-இன் இறுதியில் தொடங்கிப் போர் முடியும்வரை வந்த பதின்மூன்றாவதில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னுக்கும் கீழ்விளிம்பு பின்னுக்குமாகத் தலைகீழாய்ச் சாய்ந்திருக்கும். வெயில் கண்ணைக் கூசாதிருக்கவும், கண்ணாடியின் மின்னலை வானத்துப் பகைவிமானம் காணாதிருக்கவும் செய்த உபாயம் அது. அழகுக்காகச் செய்த மாற்றத்தினும் இத்தகைய தேவைக்காகச் செய்த மாற்றமே மனத்தில் நிற்கிறது. காரணத்தை அறிந்தவன் ஆண்டை மறப்பதில்லை.

கொட்டகைக்குத் திரும்புவோம். நாமும் முதலில் தரகர் செய்த பிழையையே செய்தோம். கதவைக் கண்டோம், முக்கோணக் கண்ணாடியும் திருகுபிடியும் இருந்தன, ‘1951’ என்று ஒரு மாணவர் உரக்கச் சொல்ல, நாமும் தலையசைத்தோம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் நமக்குச் சுருக்கென்றது. கதவு இரண்டு கீல்களில் தொங்கும் பொருள். அரைமணி நேரத்தில் மாற்றிவிடலாம். கதவின் வயதை வண்டியின் வயதென்று சொல்லிவிட்டோமே!

முறையாகத் தொடங்கினோம். முன்கண்ணாடி இரு துண்டு. ஆகவே கூடு 1953-க்குப் பின்னதன்று. கதவின் கைப்பிடிக்குப் பின்னே பெட்ரோல் வாய்க்குரிய துளை இருந்தது. விளிம்பு தொழிற்சாலையில் மடித்த மடிப்பு, உளி வெட்டன்று. ஆகவே கூடு 1949-க்கு முன்னதன்று. கூட்டின் வயது 1949-க்கும் 1953-க்கும் இடையே அகப்பட்டுவிட்டது. இந்த இடத்தில் பெரியவரின் கட்சி தோற்றுவிட்டது என்றே எண்ணினோம். 1948-ஆம் ஆண்டுப் புத்தகத்தோடு இக்கூடு பிறந்திருக்கவே முடியாது. கதவுத்தூணில் வண்டியின் எண் பொறித்த தகடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துளைகளே இருந்தன.

அப்பொழுது மாணவர் ஒருவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியின் அடியில் புகுந்தார். சில நிமிடங்களில், “ஐயா, இங்கேயும் ஒரு டாங்கி இருந்திருக்கிறது” என்று குரல் கொடுத்தார். நாமும் ஒவ்வொருவராகக் குனிந்தும் படுத்தும் பார்த்தோம். தொட்டியின் அடியில், சேஸிஸின் ஓரத்தில், டாங்கியைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் இருந்தன. சேஸிஸின் ஏனைய பகுதிகளைப் போன்றே தொழிற்சாலை ரிவெட்டு அடித்துப் பொருத்தியவை. இதற்குப் பொருள் யாது? சேஸிஸ் தன் டாங்கியைத் தன்னடியில் சுமந்த காலத்தது. கேபினோ டாங்கியைத் தன் வயிற்றில் சுமந்த காலத்தது. ஒரே ஆண்டில் பிறந்த வண்டிக்கு இரண்டு டாங்கி இராது. கீழே இருப்பது 1948-க்குப் பின்னதன்று. மேலே இருப்பது 1949-க்கு முன்னதன்று.

அதிர்ச்சி தாங்கிகளும் இதற்கே சான்று கூறின. 1950-இல் குழாய்க்குள் குழாய் புகும் புதுவகைத் தாங்கிகள் வந்தன. அதற்கு முன்னர் நெம்புகோல் போன்ற கை நீட்டிய பழைய வகை. இவ்வண்டியின் முன்னச்சில் இருந்தவை பழைய வகை. பானட்டைத் திறந்து உட்புறத்தில் தடவினோம். பக்கப்பெயருக்குரிய துளைகள் எண்ணுக்கு ஏற்ற அளவில் இல்லை. நீண்ட சொல்லுக்கு ஏற்ப அகன்றிருந்தன. உட்புறச் சாயம் பச்சை. கேபினின் பின்சுவரில் இருக்கையை அகற்றிப் பார்த்த இடத்தில் அடிச்சாயம் கருநீலம். இரண்டு வண்டிகளை ஒன்றாக்கி, மேலே ஒரே சிவப்பைப் பூசியிருக்கிறார்கள்!

அன்று காலையில்தான் சிவன் குகையில் இதனையொத்த ஒன்றைக் கண்டிருந்தோம். அங்கே பாறையில் முற்காலத்தில் பொறித்த இசைக் கல்வெட்டின் பகுதிகளைச் செதுக்கி அழித்துவிட்டு, 13-ஆம் நூற்றாண்டில் வேறொரு சாசனத்தைப் பொறித்திருக்கின்றனர். மேலெழுத்தின் காலத்தைக் கொண்டு குகையின் காலத்தைச் சொல்லுவோமா? காலையில் இதனை மாணவர்க்கு விளக்கிய நாமே நண்பகலில் கதவைப் பார்த்து ஆண்டு சொன்னது நாணத்தக்கதே.

கேபின் மாறியது எப்பொழுது, எதனால் என்பதைப் பெரியவர் அறியார். அவர் அப்பொழுது கைக்குழந்தை. வீட்டிற்குள்ளிருந்த அவர் தமக்கையாரை அழைத்துவரச் செய்தார். எண்பதைக் கடந்த அம்மையார், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, கயிற்றுக்கட்டிலில் அமர்ந்து, “அதுவா? ஐயா வண்டி பாம்பாற்றுப் பக்கம் பாலத்துக்குக் கீழே புரண்டதே! மேல்கூடு அப்பளமாய்ப் போய்விட்டது. ஐயா பிழைத்தது மறுபிறவி. ஆத்தாள் வண்டியை விற்கச் சொல்லி அழுதாள். அவர் கேட்கவில்லை, மதுரையிலிருந்து வேறொரு கூட்டை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வைத்தார். நான் அப்பொழுது பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது” என்றார். அம்மையார் பெரிய பள்ளிக்கூடம் சேர்ந்தது 1953-ஆம் ஆண்டளவில் என்று கணக்கிட்டோம். 1951-ஆம் ஆண்டுக் கூடு ஒன்று, வேறெங்கோ அழிந்த வண்டியிலிருந்து, 1953-இல் மதுரையில் விலைக்குக் கிடைத்தது என்பதில் பொருந்தாதது ஒன்றுமில்லை. “தம்பி, இத்தனை நாள் இதை என்னைக் கேட்கக்கூடாதா?” என்று அவர் தம்பியைக் கடிந்துகொண்டார். கூடியிருந்த எல்லாரும் நகைத்தோம். கல்லையும் தகரத்தையும் கேட்பதற்கு முன்னர் வீட்டிலுள்ள மூத்தாரைக் கேட்க நமக்கும் தோன்றவில்லை.

சேஸிஸில் பொறித்த எண்ணைத் தேடும் வேலையை மாணவர் விடவில்லை. மண்ணெண்ணெயும் கம்பித்தூரிகையும் கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்ததில் மூன்று இலக்கங்கள் தெரிந்தன. மற்றவற்றைத் துரு தின்றுவிட்டது. அம்மூன்றும் ஆர்.ஸி. புத்தகத்து எண்ணின் இறுதி மூன்று இலக்கங்களோடு ஒத்தன.

பெரியவர் கேட்டுக்கொண்டபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். சேஸிஸும் பானட்டும் 1948-க்குப் பிற்பட்டவையல்ல என்றும், புத்தகத்தோடு மாறுபடும் சான்று அவற்றில் ஒன்றுமில்லை என்றும், எண்ணில் தெரிந்த மூன்று இலக்கங்களும் ஒத்திருக்கின்றன என்றும் எழுதினோம். கேபின் இவ்வண்டியோடு பிறந்ததன்று, 1949-க்குப் பின்னது, கதவுகளைக் கொண்டு நோக்கின் 1951-ஆம் ஆண்டினதாதல் கூடும் என்றும் அடுத்த வரியில் எழுதினோம். பெரியவரின் மகனார் அதைப் படித்துவிட்டு, “இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் விலை கொஞ்சம் ஏறுமே ஐயா” என்றார். அவர் சொன்னதும் மெய்யே. பழைய வண்டிகளைத் தேடி வாங்குவோர் பிறந்தபடியே இருக்கும் வண்டிக்கே நல்ல விலை தருவர். நாம் விடையிறுக்குமுன் பெரியவர், “அந்த வரி இருக்கட்டும். அது இருந்தால்தானே மேல்வரியை நம்புவான்” என்று சொல்லித் தாளை வாங்கி, நான்காய் மடித்து, ஆர்.ஸி. புத்தகத்தின் நடுவில் வைத்தார்.

தரகர் மீண்டும் வந்தாரா என்று அறியோம். திருமயம் விட்டுப் புறப்படும்போது மாலை ஐந்து மணி. பெருமாள் கோயில் அடைபடுமுன் பார்க்கவேண்டுமென்று விட்டுவைத்திருந்த வடபுறத்துக் கல்வெட்டுகள் சிலவற்றைப் படிக்க நேரமில்லாமற் போயிற்று. அடுத்த தைமாதத்தில் மீண்டும் செல்வதாக இருக்கிறோம். கம்பித்தூரிகையையும் உடன் கொண்டுசெல்ல மாணவர் இப்பொழுதே தீர்மானித்துவிட்டனர்.